செட்டிநாட்டு வீட்டில் ஒரு சாட்சி: இளையோர் மர்ம நாவல் எழுத வருகிறவர்களுக்கு

காரைக்குடியில் ஒரு சிறு வாசகர் வட்டத்தில், பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் படிக்கிற பிள்ளைகளோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கதை எழுதிப் பார்க்கிறோம். வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது ஒரே கருதான். ஒரு பெண் எதையோ பார்த்துவிடுகிறாள். அதே வாரத்தில் ஒரு பையன் வந்து சேர்கிறான். அவன் யார், எதற்கு வந்தான் என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அவனைப் பிடித்துப்போகிறது.

நல்ல கரு. பதினாறு வயதில் மனசு படுகிற இரண்டு பெரிய அவஸ்தைகள் இதற்குள் இருக்கின்றன: கண்ணால் பார்த்ததைச் சொல்லலாமா கூடாதா என்பது ஒன்று, பிடித்த ஆளை நம்பலாமா கூடாதா என்பது இன்னொன்று. ஆனால் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் நாலாவது அத்தியாயத்தில் படுத்துவிடுகின்றன. காரணம் எப்போதும் ஒன்றுதான். சாட்சி எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறாள். முகம், கை, கத்தி, வண்டி நம்பர் வரை. அப்புறம் வாசகர் தெரிந்துகொள்ள என்ன மிச்சம்?

அவள் கொஞ்சம்தான் பார்க்கவேண்டும். எவ்வளவு கொஞ்சம் என்பதை அவள் நிற்கிற இடம் முடிவுசெய்யவேண்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அதைச் சுற்றித்தான். செட்டிநாட்டு வீட்டை எடுத்துக்கொண்டதற்கும் அதுதான் காரணம். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அந்த வீடே பாதி செய்துகொடுத்துவிடும்.

முதல் படி: அவள் நிற்கிற இடம்

கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ ஒரு பெரிய வீட்டின் தெருவாசலில் நின்று உள்ளே பாருங்கள். பெரும்பாலும் வாசல் நிலைகள் ஒன்றின் பின் ஒன்றாக ஒரே நேர்கோட்டில் இருக்கும். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று பார்வை போய்க்கொண்டே இருக்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் பின்தெருவில் போகிற சைக்கிள்கூடத் தெரியும். ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல், நடுவில் அத்தனையும் ஒரே வீடு.

இந்த நேர்கோடுதான் உங்கள் நாவலின் முதல் காட்சி. நாங்கள் வட்டத்தில் சேர்ந்து கட்டிய உதாரணத்தைச் சொல்கிறேன், இதை வைத்தே மற்றப் படிகளையும் பார்க்கலாம்.

தேன்மொழி என்ற தேனு, பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள் அப்பா பூட்டிக்கிடக்கும் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர். மார்கழி மாதம், சனிக்கிழமை, மாலை நாலு மணி. அப்பா தேவகோட்டை போயிருக்கிறார். சாயங்கால விளக்கேற்றத் தேனு வருகிறாள். தெருவாசல் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது. திண்ணையில் நின்றபடியே உள்ளே பார்க்கிறாள். கடைசி நிலைக்கு முன்னால் ஓர் ஆள், துணி சுற்றிய தட்டையான ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் போகிறான்.

வீடு கிழக்குப் பார்த்த வீடு. நாலு மணிக்குச் சூரியன் மேற்கே, அதாவது அந்த ஆளுக்குப் பின்னால். எதிர்வெயிலில் அவளுக்குத் தெரிவது கறுப்பாக ஓர் உருவம் மட்டும். முகம் இல்லை, வயது இல்லை. மூன்றாம் கட்டில் ஒரே ஓர் இடத்தில், கதவுக்கு மேலே பதித்த பச்சைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்குகிறது. அதைக் கடக்கிற ஒரு நொடி அவன் சட்டை தெரிகிறது. பச்சைச் சட்டை. அப்புறம் மறுபடி கறுப்பு. பின்வாசல் சாத்துகிற சத்தம்.

அவ்வளவுதான். பத்து விநாடிகூட ஆகாத காட்சி. இதற்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள். மறுநாள் காலை, அந்த வீட்டுக் கணக்குகளைப் பார்த்துவந்த பெரியவர் மாடிப்படி அடியில் நினைவில்லாமல் கிடக்கிறார். சாமி வீடு என்று சொல்கிற பூஜை அறையில் மாட்டியிருந்த பழைய தஞ்சாவூர் ஓவியம் இல்லை.

எழுத உட்காருவதற்கு முன் இந்த இடத்தை நீங்கள் நடந்து பார்த்திருக்கவேண்டும். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்க்க விடுகிறார்கள், சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. மாலை மூன்றரைக்குப் போங்கள். வாசலில் நின்று ஒரு நண்பரைப் பின்கட்டு வரை நடக்கச் சொல்லுங்கள். எந்த நிலை வரைக்கும் முகம் தெரிகிறது, எதற்குப் பிறகு உருவம் மட்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை அடி வைத்தால் பின்வாசல் வரும் என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை நாவலில் வராமலே போகலாம். ஆனால் உங்கள் கைக்குத் தைரியம் கொடுப்பது அதுதான்.

வர முடியாத தூரத்தில் இருக்கிறீர்களா? ஒரு வெள்ளைத் தாளில் வீட்டை வரையுங்கள். ஐந்து கட்டம், ஐந்து நிலை, ஓர் அம்புக்குறி சூரியனுக்கு. அது போதும்.

இரண்டாம் படி: பார்த்தது, நினைத்தது, சொன்னது

ஒரு நோட்டில் நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் தேனு கண்ணும் காதும் வாங்கியது மட்டும். இரண்டாவதில் அவள் அதை என்னவென்று நினைத்துக்கொண்டாள் என்பது. மூன்றாவதில் யாரிடம் எதைச் சொன்னாள் என்பது.

முதல் பத்தி: பச்சையாகத் தெரிந்த சட்டை. தட்டையான பொருள். தரையில் சரக், சரக் என்று ஒரு சத்தம்.
இரண்டாம் பத்தி: அது சோலை, லீவுக்கு வந்திருக்கிற அந்தப் பையன். ஏனென்றால் அன்று காலை அவன் போட்டிருந்தது பச்சைச் சட்டை.
மூன்றாம் பத்தி: யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இந்த மூன்று பத்திக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நாவல் ஓடப்போகிறது. இதைப் போட்டுவிட்டால் அடுத்து என்ன எழுதுவது என்ற கவலை பாதி போய்விடும்.

பச்சைச் சட்டை உண்மையில் வெள்ளைச் சட்டை. பச்சைக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் வெள்ளைத் துணியில் விழுந்தால் துணி பச்சையாகத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் ஸ்டேஷனரி கடையில் பச்சைக் கண்ணாடித் தாள் வாங்கி, டார்ச்சின் வாயில் கட்டி, இருட்டில் ஒரு வெள்ளை வேட்டியின் மேல் அடித்துப் பாருங்கள். எங்கள் வட்டத்தில் அதைச் செய்தோம். ஒரு பையன் போட்டிருந்த சிவப்புச் சட்டை அதே வெளிச்சத்தில் ஏறக்குறையக் கறுப்பாகிவிட்டது. பிள்ளைகள் அரை மணி நேரம் ஆளாளுக்குச் சட்டையை மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆச்சரியத்தை அப்படியே தேனுவுக்குக் கொடுங்கள், ஆனால் நாவலின் நடுவில். அன்று அவள் சோலையைத் திருடன் இல்லை என்று நினைக்கத் தொடங்குவாள். அதே நிமிடம் ஊரில் வெள்ளைச் சட்டை போடுகிற அத்தனை பேரும் சந்தேகத்துக்குள் வந்துவிடுவார்கள். ஒரு கதவை மூடி இருபது கதவைத் திறக்கிற துப்பு அது.

அந்த சரக், சரக் சத்தத்தை நான் வேண்டுமென்றே முதல் பத்தியில் போட்டேன். அது செருப்புச் சத்தம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அந்த வீட்டு ஆட்கள் யாரும் செருப்போடு நடக்கமாட்டார்கள். சோலையின் செருப்பு எப்போதும் திண்ணைக்குக் கீழே கிடக்கும், தேனுவே அதைப் பார்த்திருக்கிறாள். செருப்போடு உள்ளே நடந்தவன் வீட்டை வீடாக நினைக்காதவன். இந்தத் துப்பை முதல் அத்தியாயத்தில் ஒரே சொல்லாக வைத்துவிட்டு, கடைசிக்கு இரண்டு அத்தியாயம் முன்புவரை தொடவே தொடாதீர்கள். வாசகருக்கும் அது கேட்டிருக்கும். ஆனால் சட்டை நிறத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பார்.

மூன்றாம் படி: அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை

பயம் என்று ஒரு வார்த்தையில் முடிக்காதீர்கள். என்ன பயம்? தேனுவுக்கு மூன்று இருக்கிறது. அப்பா இல்லாத நேரத்தில் சாவி அவள் கையில் இருந்தது. அதை மதியம் சோலை கேட்டான், கொடுத்தாள். இது வெளியே வந்தால் அப்பாவின் வேலை போய்விடும், பின்கட்டை ஒட்டி அவர்கள் குடியிருக்கிற இரண்டு அறையும் போய்விடும்.

சாவி விஷயத்தை நன்றாகப் பயன்படுத்துங்கள். இந்த வீடுகள் பலவும் ஒருவருக்குச் சொந்தம் கிடையாது. தாத்தா, அவருக்குத் தாத்தா என்று வழிவழியாக வந்த பங்காளிகள் அத்தனை பேருக்கும் பங்கு. சென்னையில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர். வளவைச் சுற்றி இருக்கிற, இரட்டை வீடுகள் என்று சொல்கிற அறைகளில் அவரவர் பங்கு அறையை அவரவர் பூட்டி வைத்திருப்பார்கள். ஆகவே ஒரு சாவி தொலைந்தால் பத்துக் குடும்பம் ஒன்றையொன்று சந்தேகப்படும். மர்மக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான்காம் படி: அந்தப் பையன்

இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மர்மமான காதலன் என்றால் மோட்டார் பைக், கறுப்புக் கண்ணாடி, பாதி வாக்கியத்தில் எழுந்து போவது என்று எழுதுகிறார்கள். வேண்டாம். அவனிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தால் போதும், அந்தக் கேள்வி கதைக்கு உள்ளே இருந்து வரவேண்டும். சோலையப்பன், பதினேழு வயது, பங்காளி வீட்டுப் பேரன், சென்னையில் படிக்கிறவன். பத்து நாள் லீவில் வந்திருக்கிறான். மதிய நேரத்தில் யாருக்கும் தெரியாமல் மூன்றாம் கட்டில் பழைய பெட்டிகளைக் கிளறுகிறான். ஏன்?

எங்கள் உதாரணத்தில் அவன் தேடுவது ஒரு கடிதக் கட்டு. அவன் ஐயாவின் அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, ரங்கூனில் வட்டிக்கடைக் கணக்கில் இருந்தவர். 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடந்தே வந்தவர்களில் ஒருவர். வரும்போது கொண்டுவந்ததில் பர்மிய எழுத்தில் எழுதிய கடிதங்கள் இருந்தன என்று குடும்பத்தில் கிசுகிசுப்பு. எழுதியது யார் என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். சோலைக்கு அது தெரிந்தாகவேண்டும். அதனால் அவன் மறைக்கிறான், பொய் சொல்கிறான், ஆனால் திருடவில்லை.

பழைய காலத்தைக் கொண்டுவருகிறீர்கள் என்றால் வயதுக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். 2025-இல் சோலைக்கு 17. அப்பாவுக்கு 48 என்றால் அவர் பிறந்தது 1977. ஐயா 1947 வாக்கில். அவர் அப்பச்சி 1918. ஆக, 1942-இல் 24 வயது இளைஞர். கணக்குச் சரியாக வருகிறது. பலரும் தாத்தாவையே பர்மாவிலிருந்து நடக்க வைத்துவிடுகிறார்கள். இப்போதைய பிள்ளைகளின் தாத்தாக்கள் அநேகமாக அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

சரி, காதல். இதில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கிற ஒரு வசதியைப் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. தேனு சோலையை எப்படிக் கூப்பிடுவாள்? அவள் அம்மா "வாங்க தம்பி" என்கிறார். அப்பாவும் "தம்பி" என்கிறார். அந்தக் கணக்கில் தேனு "அண்ணே" என்று சொல்லியாகவேண்டும். அவளுக்கு அது வாயில் வரவில்லை. பெயர் சொல்லவும் முடியாது, முதலாளி வீட்டுப் பிள்ளை. ஆகவே எதுவும் சொல்லாமல் மொட்டையாகவே பேசுகிறாள். "சாவி வேணுமா?" "அங்கே பாம்பு இருக்கும்." "நேத்து வந்தது யாரு?" ஒரு விளிச்சொல்கூட இல்லாமல் எட்டு அத்தியாயம் ஓட்டுங்கள். அம்மா ஒருநாள் அடுப்படியிலிருந்து, "ஏண்டி, அண்ணேன்னு சொன்னா வாய் வலிக்குதா?" என்று கேட்கட்டும். தேனு பதில் சொல்லாமல் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போகட்டும். வாசகருக்குப் புரிந்துவிடும்.

அப்புறம் எப்போதோ ஓர் இடத்தில், கோபத்தில், அவள் வாயிலிருந்து "நீ பொய் சொல்ற" என்று வந்துவிடுகிறது. அதுவரை "நீங்க". அந்த இரண்டு எழுத்துக் குறைச்சலில் இரண்டு பேரும் நின்றுவிடுகிறார்கள். சந்தேகமும் அதில் இருக்கிறது, நெருக்கமும் அதில் இருக்கிறது. இதைக் காதல் காட்சியாக எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டியதில்லை.

வேறு எதுவும் கூடாது என்றும் சொல்கிறேன். இருவரும் பதினெட்டு ஆகாதவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பதினெட்டுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தைகள் என்றே சொல்கிறது. சட்டத்துக்காக மட்டும் இல்லை, படிக்கப்போவதும் அந்த வயதுப் பிள்ளைகள். மனசு அடித்துக்கொள்வதை எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள். பின்தொடர்வதையும் மிரட்டுவதையும் அன்பு என்று காட்டாதீர்கள். தேனு "வராதே" என்றால் சோலை போய்விடவேண்டும். போகாத ஒருவனைக் கதாநாயகனாக்கினால் அந்த நாவலை என் வட்டத்துப் பிள்ளைகளிடம் நான் கொடுக்கமாட்டேன்.

ஐந்தாம் படி: போலீஸ் வீட்டுக்கு வரும்

சினிமாவில் பார்த்ததை வைத்து எழுதுவதால் இந்த வகை நாவல்களில் அதிகம் பிழைபடுவது விசாரணைக் காட்சி. பதினாறு வயதுப் பெண்ணை ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்துவிடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்ன சொல்கிறது? சாட்சியாக விசாரிக்க வேண்டியவர் பெண் என்றால் அவர் வசிக்கிற இடத்துக்குத்தான் போலீஸ் போகவேண்டும். பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பையன்களுக்கும் அதுவே. முன்பு இருந்த சட்டமும் இப்படித்தான் சொன்னது. அவரே விரும்பி ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்னால் மட்டும் வரலாம்.

இது கதைக்குத் தடை இல்லை, வரம். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வருகிறார் என்றால் அம்மா பக்கத்தில் இருப்பார், அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும், பங்காளி வீட்டு ஆச்சி ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். எல்லோர் முன்னாலும் தேனு பதில் சொல்லவேண்டும். பெஞ்சில் தனியாக உட்கார வைப்பதைவிட இது எவ்வளவோ அழுத்தமான காட்சி.

இன்னொரு நுணுக்கம். விசாரணையின்போது போலீஸ் எழுதிக்கொள்கிற வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக்கூடாது என்பது சட்டம். உங்கள் நாவலில் ஓர் அதிகாரி ஒரு தாளை நீட்டி, "இதில் ஒரு கையெழுத்து போடும்மா" என்றால், விஷயம் தெரிந்த வாசகருக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டும். அதை ஒரு துப்பாகவே வைக்கலாம்.

பத்திரிகையில் தேனுவின் பெயர் வராது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் குற்றத்துக்குச் சாட்சியான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடைசெய்கிறது. ஆனால் "அந்த வீட்டில் வசிக்கும் மாணவி" என்று வந்தால் ஊருக்குத் தெரியாதா? பெயர் போடாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற அந்த நிலையை எழுதுங்கள். மளிகைக் கடையில் பேச்சு நின்றுபோவது, பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருப்பது.

மிரட்டல் வந்தால்? சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று நாடு முழுக்கப் பின்பற்றச் சொன்னது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கவேண்டும், போலீஸ் எவ்வளவு ஆபத்து என்று அறிக்கை கொடுக்கும். எங்கள் கதை சிவகங்கை மாவட்டத்தில் நடப்பதால் தேனுவின் அப்பா சிவகங்கைக்குப் பஸ் ஏறவேண்டும். வேலை போகுமோ என்று பயந்த மனிதர் மகளுக்காக மனுவோடு நிற்கிற காட்சி. எங்கள் வட்டத்தில் இதை எழுதிய பெண் படித்துக்காட்டியபோது யாரும் பேசவில்லை.

ஓவியம் பற்றியும் ஒரு வரி. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியங்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் யாரும் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்ப முயல்கிறவன் ஏன் அவசரப்படுகிறான், ஏன் பயப்படுகிறான் என்பதற்கு இது காரணமாகும்.

ஆறாம் படி: நாள் குறியுங்கள்

கெடு இல்லாத மர்மக் கதை நீர்த்துப்போகும். பாம் வெடிக்க இத்தனை மணி என்று போடவேண்டாம். இங்கே காலண்டரே கெடு வைக்கும். எட்டு நாள் கழித்து அந்த வீட்டில் படைப்பு. பங்காளிகள் எல்லா ஊரிலிருந்தும் வந்து முன்னோருக்குப் படைக்கிற நாள். சாமி வீட்டைத் திறப்பார்கள், காலியான சுவரை நாற்பது பேர் பார்ப்பார்கள். அதற்குள் தேனு பேசியாகவேண்டும், அல்லது கண்டுபிடித்தாகவேண்டும்.

பிள்ளையார் நோன்பையும் உள்ளே கொண்டுவரலாம். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் வாக்கில், மார்கழியில், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் நடப்பது. இருபத்தொரு நூலிழைத் திரியை இனிப்பு மாவில் வைத்து ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். வாசலோரம் நின்று பார்க்கிற தேனு, அந்தச் சிறு சுடரில் சோலையின் முகத்தை ஒரு நொடி முழுதாகப் பார்க்கிறாள். எதிர்வெயிலில் முகம் தெரியாத உருவத்தைப் பார்த்த கண் அது. இரண்டு வெளிச்சத்தையும் வாசகர் தானாகவே பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், நீங்கள் விளக்க வேண்டாம்.

ஏழாம் படி: ஊரை விளம்பரம் செய்யாதீர்கள்

பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுவர்ப்பூச்சு என்று முதல் அத்தியாயத்திலேயே சுற்றுலாக் கையேடு போல அடுக்கிவிடுவது இங்கே வழக்கமான நோய். தேனு அந்த வீட்டைப் பெருக்குகிறவள். அவளுக்கு அந்தத் தூண் தூசு துடைக்கவேண்டிய தூண். சுவர் கன்னத்தை வைத்தால் குளிர்கிற சுவர். மழை வந்தால் கூரைகள் சேர்கிற கூடல்வாயிலிருந்து வளவு முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில், நாலடி தள்ளி யார் பேசினாலும் கேட்காது. ஒட்டுக்கேட்கிற காட்சியை மழை நாளில் வைத்துப் பாருங்கள், பாதி வாக்கியம்தான் காதில் விழும்.

வீட்டுக்கு விலாசம், அதாவது குடும்பத்தைக் குறிக்கிற பெயர், வைக்கும்போது கவனம். மூன்று நான்கு முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்வது இங்கே வழக்கம், நீங்கள் கற்பனையாக வைப்பது நிஜமாகவே ஒரு குடும்பத்தின் விலாசமாக இருந்துவிடக்கூடும். விசாரித்துவிட்டு வையுங்கள். ஊரையும் கற்பனை ஊராக்குவது நல்லது. நகரத்தார் ஊர்கள் இன்றைக்கும் எழுபதுக்கு மேல் இருக்கின்றன, இன்னும் ஒன்றைச் சேர்த்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் போய்ப் பாருங்கள், எனாமல் பாத்திரம், பழைய பூட்டு, கழற்றிய கதவு என்று கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தத் தெருக் கடைக்காரரைத் திருடனாக்காதீர்கள். அது நிஜமான மனிதர்களின் பிழைப்பு.

எட்டாம் படி: எழுதுகிற வேலை

இருபத்தைந்து அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரத்து இருநூறு வார்த்தை. முதல் நாவலுக்கு அது தாராளம். தினமும் ஐந்நூறு வார்த்தை எழுதினால் இரண்டு மாதத்தில் முதல் வரைவு கையில் இருக்கும்.

தேனுவே சொல்வதாக எழுதுங்கள். அவள் பார்க்காத எதுவும் நாவலில் வரக்கூடாது. திருடன் தனியாக இருக்கிற ஓர் அத்தியாயம் எழுத ஆசை வரும். எழுதினால் முதல் படியில் கட்டியது அத்தனையும் இடிந்துவிடும்.

அத்தியாய முடிவில் ஒவ்வொரு முறையும் அலறல் வைக்கவேண்டியதில்லை. திண்ணைக்குக் கீழே இரண்டு ஜோடிச் செருப்பு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று ஜோடி. போதும், வாசகர் பக்கத்தைத் திருப்புவார்.

பேச்சு இந்த ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். ஆச்சி, அப்பச்சி, அப்பத்தா, ஐயா, அம்மான் என்ற சொற்கள் யார் வீட்டில் புழங்குமோ அங்கே மட்டும் வரட்டும். தேனு வீட்டில் அம்மா அம்மாதான், அப்பா அப்பாதான். இந்த வித்தியாசத்தைச் சரியாகப் பிடித்தால் யார் எந்தக் கட்டில் வாழ்கிறவர் என்று தனியாக விளக்கவே வேண்டாம். சென்னையில் வளர்ந்த சோலை "அப்பத்தா" என்று சொல்லும்போது மட்டும் அவன் குரல் மாறும். தேனு அதைக் கவனிப்பாள்.

ஒன்பதாம் படி: ஒரு பதினாறு வயதுக்காரரிடம் கொடுங்கள்

பெரியவர்களிடம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். முதல் மூன்று அத்தியாயத்தை அச்செடுத்துக் கொடுத்து, படித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, தேனு என்ன பார்த்தாள் என்று மட்டும் கேளுங்கள். "சோலை ஓவியத்தைத் தூக்கிட்டுப் போனதைப் பார்த்தா" என்று பதில் வந்தால் காட்சி வேலைசெய்கிறது என்று அர்த்தம். தேனு செய்த அதே தவற்றை வாசகரும் செய்திருக்கிறார். "யாரோ ஒருத்தரைப் பார்த்தா, யாருன்னு தெரியல" என்று வந்தால் சோலையின் பச்சைச் சட்டை அழுத்தமாகப் பதியவில்லை. காலையில் அவன் வருகிற காட்சிக்குத் திரும்பிப் போங்கள். கிணற்றடியில் அவன் அந்தச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாளியைத் தூக்குவதை ஒரு பத்தி கூட எழுதுங்கள்.

"செருப்புச் சத்தம் கேட்டுச்சே, அது யாரு?" என்று முதல் தடவையிலேயே யாராவது கேட்டுவிட்டால், அந்தச் சொல்லை இரண்டு வரி தள்ளி, கதவுச் சத்தத்துக்குப் பக்கத்தில் வைத்து, இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.